பாத்திரங்கழுவியின் மின் நுகர்வு

பாத்திரங்கழுவி (டிஷ்வாஷர்) என்பது சமையல் கலங்களையும் உணவுத் தட்டுகளையும் சுடுநீர், சலவைப் பொருள் ஆகியவற்றின் உதவியால் தூய்மை செய்யும் வீட்டு மின்கருவி ஆகும். இதன் மின் நுகர்வின் பெரும்பகுதி நீரைச் சூடாக்குவதற்கே செலவாகிறது. நீரைச் சுழற்றும் எக்கிக்கு ஆகும் மின்சாரம் ஒப்பீட்டளவில் குறைவு. இக்கட்டுரை ஒரு கழுவலுக்கு எவ்வளவு மின்சாரம் தேவைப்படுகிறது என்பதையும், அதற்கு ஒரு குடும்பம் செலுத்தும் தொகை எவ்வாறு மாறுபடுகிறது என்பதையும், கிருட்டிணகிரி மாவட்டத்தின் தளிப் பகுதியை எடுத்துக்காட்டாகக் கொண்டு விளக்குகிறது.

வரலாறு

கலங்களின் மீது நீரை இறைக்கும் கைச்சுழற்சிக் கருவி ஒன்றுக்கு ஜோயல் ஹவுட்டன் என்பவர் 1850ஆம் ஆண்டில் அமெரிக்கக் காப்புரிமை பெற்றார். நடைமுறைக்கு உகந்த முதல் கருவியை உருவாக்கியவர் ஜோசபின் காக்ரேன் ஆவார். இவர் 1886 டிசம்பர் 28 அன்று காப்புரிமை பெற்றார். 1893இல் சிகாகோவில் நடைபெற்ற உலகக் கண்காட்சியில் இவரது கருவி இடம்பெற்றது. கலங்களைத் தேய்க்காமல் நீரின் அழுத்தத்தாலேயே தூய்மை செய்வது இதன் சிறப்பாகும். இன்றைய கருவிகளும் இதே கருத்தின் அடிப்படையிலேயே இயங்குகின்றன. ஐரோப்பாவில் மீலே நிறுவனம் 1929இல் மின்சாரத்தால் இயங்கும் கருவியை வெளியிட்டது. இந்தியாவில் 2020ஆம் ஆண்டின் கொரோனா ஊரடங்குக் காலத்தில் இக்கருவிக்கான தேவை வெகுவாக உயர்ந்தது.

இயங்கும் முறை

கருவியின் அடிப்பகுதியில் சில லிட்டர் நீர் நிரப்பப்படுகிறது. இந்நீரை எக்கி உறிஞ்சி, சுழலும் தெளிப்புக் கரங்களின் வழியாகக் கலங்களின் மீது பீய்ச்சுகிறது. வழிந்து வரும் நீர் வடிகட்டப்பட்டு மீண்டும் மீண்டும் பயன்படுத்தப்படுகிறது. முன்கழுவல், சலவைப் பொருளுடன் முதன்மைக் கழுவல், அலசல், சூடான இறுதி அலசல், உலர்த்தல் என்பன இதன் படிநிலைகள். 12 முதல் 14 பேருக்கான கலங்கள் கொள்ளும் தற்காலக் கருவிகள் ஒரு முழுச் சுற்றுக்கு ஏறத்தாழ 10 லிட்டர் நீரைப் பயன்படுத்துகின்றன. இவற்றில் முதன்மைக் கழுவலுக்கும் இறுதி அலசலுக்கும் உரிய நீர் மட்டுமே பெரும்பாலும் சூடாக்கப்படுகிறது.

மின் நுகர்வைக் கணித்தல்

கருவியின் பின்புறத்தில் 2000 வாட் அல்லது அதற்கு மேல் எனக் குறிக்கப்பட்டிருக்கும். ஒரு சுற்று மூன்று மணி நேரம் ஓடுவதால் 2 கிலோவாட்டை 3 மணியால் பெருக்கி 6 அலகு (யூனிட்) செலவாகும் எனக் கருதுவது தவறாகும். சூடாக்கி முழு நேரமும் இயங்குவதில்லை. உண்மையான செலவை நீரின் தன்வெப்ப ஏற்புத்திறனைக் கொண்டு கணிக்கலாம்.

ஒரு லிட்டர் நீரின் வெப்பநிலையை 1 பாகை செல்சியசு உயர்த்த 4.186 கிலோசூல் ஆற்றல் தேவை. ஓர் அலகு மின்சாரம் 3600 கிலோசூலுக்குச் சமம். எனவே லிட்டர் ஒன்றுக்கு, பாகை ஒன்றுக்கு 1.163 வாட்-மணி செலவாகும். நீர் 20 பாகையில் கருவிக்குள் வருகிறது எனக் கொண்டால் தோராயமான கணக்கு பின்வருமாறு அமையும்:

- முதன்மைக் கழுவல், 4 லிட்டர் நீர், 20 பாகையிலிருந்து 65 பாகை வரை: 209 வாட்-மணி
- 15 கிலோகிராம் எவர்சில்வர் கலங்கள், அதே அளவு உயர்வு: 94 வாட்-மணி
- உட்தொட்டி, அடுக்குத் தட்டுகள் முதலியன, 10 கிலோகிராம்: 63 வாட்-மணி
- இறுதி அலசல், 4 லிட்டர் நீர், 60 பாகை வரை: 186 வாட்-மணி
- இடையில் குளிர்ந்த கலங்கள் மீண்டும் சூடாதல்: ஏறத்தாழ 80 வாட்-மணி
- எக்கி, 60 வாட், இரண்டரை மணி நேரம்: 150 வாட்-மணி

இவற்றின் கூட்டுத்தொகை 782 வாட்-மணி, அதாவது ஏறத்தாழ 0.8 அலகு. இதில் வெப்பத்துக்கு மட்டும் 632 வாட்-மணி செலவாகிறது. 2000 வாட் சூடாக்கி இதனை 19 நிமிடங்களில் அளித்துவிடும். வெளிச்சுவர் வழியாக ஏற்படும் வெப்ப இழப்பையும் சேர்த்து, நாளொன்றுக்கு ஒரு கழுவலுக்கு 1 அலகு எனக் கொள்வது கணக்கிட எளிதாகும். 70 பாகையில் இயங்கும் கடுங்கழுவல் முறைக்கு இதைவிடக் கூடுதலாகச் செலவாகும்.

மின்னழுத்தம் குறைந்தால் சூடாக்கியின் திறன் அதன் இருமடி விகிதத்தில் குறையும். 230 வோல்ட்டுக்குப் பதிலாக 200 வோல்ட் கிடைக்கும்போது சூடாக்கும் நேரம் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு கூடும். ஆனால் தேவைப்படும் வெப்பத்தின் அளவு மாறாததால் செலவாகும் அலகுகளில் பெரிய வேறுபாடு இராது.

நீரின் தொடக்க வெப்பநிலை

தளி, கருநாடக எல்லையை ஒட்டித் தேன்கனிக்கோட்டை வட்டத்தில் அமைந்துள்ளது. உயர்ந்த மேட்டுநிலமான இப்பகுதியின் குளிர்ந்த தட்பவெப்பம் காரணமாக, ஆங்கிலேயர் ஆட்சிக் காலத்தில் இவ்வூர் 'குட்டி இங்கிலாந்து' என அழைக்கப்பட்டது. குளிர் மாதங்களில் மேல்நிலைத் தொட்டி நீர் 20 பாகையில் இருந்தால், 30 பாகை நீர் கிடைக்கும் சென்னை வீட்டைவிட ஒவ்வொரு கழுவலிலும் 8 லிட்டர் நீரைக் கூடுதலாக 10 பாகை சூடாக்க வேண்டியிருக்கும். இதற்கு 93 வாட்-மணி செலவாகும். மாதம் 30 கழுவல்களுக்கு இந்த வேறுபாடு ஏறத்தாழ 2.8 அலகு மட்டுமே. எனவே செலவைத் தீர்மானிப்பதில் தட்பவெப்பத்தைவிட மின் கட்டண முறையே முதன்மை இடம் பெறுகிறது.

மின் கட்டணம்

தமிழ்நாட்டில் வீட்டு மின் நுகர்வு இரண்டு மாதங்களுக்கு ஒருமுறை கணக்கிடப்படுகிறது. 2016 மே மாதத்தில் அனைத்து வீடுகளுக்கும் முதல் 100 அலகுகள் இலவசமாக்கப்பட்டன. 2024 சூலை 1 முதல் நடைமுறைக்கு வந்த கட்டணத்தில், அரசு மானியம் போக, 101 முதல் 200 வரை அலகுக்கு 2.35 ரூபாய், 201 முதல் 400 வரை 4.70 ரூபாய், 401 முதல் 500 வரை 6.30 ரூபாய் செலுத்த வேண்டும். மொத்த நுகர்வு 500 அலகைத் தாண்டினால் 101 முதல் 200 வரையிலான அலகுகளுக்கும் 4.70 ரூபாயே கணக்கிடப்படும். 501 முதல் 600 வரை 8.40 ரூபாயும், 601 முதல் 800 வரை 9.45 ரூபாயும் ஆகும்.

நாளொன்றுக்கு 1 அலகு எனப் பாத்திரங்கழுவி இரு மாதங்களில் 60 அலகுகளைச் சேர்க்கிறது. இதே 60 அலகுகளுக்கு வெவ்வேறு வீடுகள் மேற்கண்ட கட்டணத்தின்படி கூடுதலாகச் செலுத்தும் தொகை வருமாறு:

- நுகர்வு 40 அலகிலிருந்து 100 ஆக உயரும் வீடு: கட்டணம் இல்லை
- 130இலிருந்து 190: 141 ரூபாய்
- 300இலிருந்து 360: 282 ரூபாய்
- 460இலிருந்து 520: 655 ரூபாய்
- 620இலிருந்து 680: 567 ரூபாய்

நான்காவது வீட்டின் நிலை கவனத்துக்குரியது. 460 அலகுக்கான கட்டணம் 1553 ரூபாய். 520 அலகுக்கு 2208 ரூபாய். அதாவது சேர்க்கப்பட்ட ஒவ்வோர் அலகுக்கும் ஏறத்தாழ 10.90 ரூபாய் ஆகிறது. இது ஏற்கனவே 600 அலகுக்கு மேல் பயன்படுத்தும் வீடு கொடுப்பதைவிட மிகுதி. 500 அலகைத் தாண்டும்போது முந்தைய அலகுகளுக்கான சலுகை குறைவதே இதற்குக் காரணம். ஆகவே கருவி வாங்க எண்ணுவோர் சராசரிக் கட்டணத்தைப் பார்ப்பதைவிட, தம் மின் அட்டையில் கடந்த ஆறு கணக்கீடுகளின் அலகுகளைப் பார்த்து அவற்றுடன் 60ஐக் கூட்டிப் பார்ப்பது பொருத்தமாகும்.

தளியிலிருந்து சிறிது தொலைவில் உள்ள ஆனேக்கல் பகுதியில் கணக்கு வேறு வகையில் அமைகிறது. கருநாடகத்தில் மின் கட்டணம் மாதந்தோறும் கணக்கிடப்படுகிறது. அங்கு 2023இல் தொடங்கப்பட்ட கிருக ஜோதித் திட்டம் மாதம் 200 அலகு வரை இலவசம் என அறியப்பட்டாலும், ஒரு வீட்டின் உரிமை அளவு அதன் 2022-23ஆம் ஆண்டுச் சராசரி நுகர்வுடன் 10 விழுக்காடு சேர்த்து வரையறுக்கப்பட்டது. சராசரி 100 அலகாக இருந்த வீட்டுக்கு 110 அலகு வரை மட்டுமே இலவசம். புதிதாக வாங்கிய கருவியின் 30 அலகுகளில் 20 அலகுகளுக்குக் கட்டணம் உண்டு. மாத நுகர்வு 200ஐத் தாண்டினால் முழுத் தொகையையும் செலுத்த வேண்டும்.

பிற செலவுகள்

பாத்திரங்கழுவிக்கென உரிய சலவை வில்லை அல்லது தூள் மட்டுமே பயன்படுத்தத் தக்கது. நுரை மிகுந்த சாதாரணச் சலவைப் பொருள்கள் எக்கியின் செயற்பாட்டைக் கெடுக்கும். ஒரு வில்லை 15 ரூபாய் எனக் கொண்டால் 60 கழுவல்களுக்கு 900 ரூபாய் ஆகும். மேலே கண்ட ஐந்து வீடுகளிலும் இது மின் கட்டணத்தைவிட மிகுதியாகும்.

ஆழ்துளைக் கிணற்று நீர் கடினத்தன்மை உடையதாயின், கருவியில் உள்ள அயனிப் பரிமாற்றப் பிசினை மீட்டெடுக்கச் சோடியம் குளோரைடு உப்பு அவ்வப்போது நிரப்பப்பட வேண்டும். இல்லாவிடில் சுண்ணாம்புப் படிவு உண்டாகும். நீரின் கடினத்தன்மைக்கு ஏற்ப அமைப்பைச் சரிசெய்தால் உப்பு வீணாவதில்லை.

கையால் கழுவுதலுடன் ஒப்பீடு

பாத்திரங்கழுவி மின்சாரத்தை மிச்சப்படுத்தும் என்னும் கூற்று ஐரோப்பிய ஆய்வுகளிலிருந்து வந்ததாகும். செருமனியின் பான் பல்கலைக்கழக ஆய்வில், 12 பேருக்கான கலங்களைக் கையால் கழுவச் சராசரியாக ஏறத்தாழ 100 லிட்டர் நீரும் 2.5 அலகு ஆற்றலும் செலவானதாகக் கண்டறியப்பட்டது. அங்கு கையால் கழுவுவோர் சுடுநீரைப் பயன்படுத்துவதே இதற்குக் காரணம். தமிழ்நாட்டு வீடுகளில் பொதுவாகக் குளிர்ந்த நீரிலேயே கலங்கள் கழுவப்படுகின்றன. எனவே இங்கு பாத்திரங்கழுவியின் மின்சாரம் புதிதாகச் சேரும் செலவே ஆகும்.

நீரில் மிச்சம் உண்டு. நிமிடத்துக்கு 6 லிட்டர் வரும் குழாயை 15 நிமிடம் திறந்து வைத்துக் கழுவினால் 90 லிட்டர் செலவாகும். கருவி 10 லிட்டரே எடுத்துக்கொள்வதால் நாளொன்றுக்கு 80 லிட்டரும், இரு மாதங்களில் 4800 லிட்டரும் மிஞ்சும். இது ஏறத்தாழ ஒரு சிறிய தண்ணீர் லாரியின் கொள்ளளவாகும். தொட்டியில் நீரைப் பிடித்துவைத்துக் கழுவும் வீடுகளில் மிச்சம் இதைவிடக் குறைவாக இருக்கும்.

இந்த 80 லிட்டரை 200 மீட்டர் ஆழத்திலிருந்து 40 விழுக்காடு திறனுள்ள எக்கியால் ஏற்றுவதற்கு 0.11 அலகு போதும். ஆகவே நீரை இறைப்பதில் மிஞ்சும் மின்சாரம், கழுவச் செலவாகும் 1 அலகை ஈடுசெய்யாது. நீரை விலைக்கு வாங்கும் வீடுகளுக்கும் கோடையில் கிணறு வற்றும் இடங்களுக்குமே இந்த மிச்சம் பெரும் பயன் தரும்.

சிக்கன வழிகள்

- பாதி நிரம்பிய கருவிக்கும் ஏறத்தாழ அதே அளவு நீர் சூடாக்கப்படுவதால், முழுதும் நிரம்பிய பின் இயக்குவது நல்லது. இரு நாட்களுக்கு ஒருமுறை இயக்கினால் மின்சாரமும் வில்லையும் பாதியாகும்.
- சிக்கன முறை (ஈக்கோ) நீண்ட நேரம் ஓடினாலும் குறைந்த மின்சாரமே எடுக்கும். வேதிப்பொருள், விசை, வெப்பம், நேரம் ஆகிய நான்கில் ஒன்றைக் குறைத்தால் மற்றொன்றைக் கூட்ட வேண்டும் என எர்பர்ட் சின்னர் 1959இல் விளக்கினார். சிக்கன முறையில் வெப்பம் குறைக்கப்பட்டு நேரம் கூட்டப்படுகிறது.
- இப்பகுதியின் முதன்மை உணவான கேழ்வரகுக் களி கலத்தில் காய்ந்து ஒட்டிக்கொள்ளும். இதனைச் சுரண்டி எடுத்துவிட்டு அடுக்கினால் கடுங்கழுவல் முறை தேவைப்படாது. எஞ்சிய மாவுப்பொருளைச் சலவைப் பொருளில் உள்ள நொதிகள் சிதைத்துவிடும்.
- கதவைத் திறந்து வைத்துக் காற்றில் உலரவிட்டால் உலர்த்தும் வெப்பம் மிஞ்சும்.
- கூரைமேல் சூரிய வெந்நீர்க் கலன் உள்ள வீடுகளில், தயாரிப்பாளர் கையேடு அனுமதித்தால் அந்நீரை நேரடியாக இணைக்கலாம். 50 பாகை நீர் கிடைத்தால் நீரைச் சூடாக்கும் செலவில் பெரும்பகுதி குறையும்.
- வார்ப்பிரும்பு, பித்தளை, அலுமினியக் கலங்களை இக்கருவியில் இடுவது உகந்ததன்று. காரத்தன்மையுள்ள சலவைப் பொருளால் அலுமினியம் கறுத்துவிடும்.