எரிபொருள் மின்கலமும் டர்பைனும் ஜோடி சேர்ந்தால்

சிறிய எரிவாயு டர்பைன், தனக்குக் கிடைக்கும் எரிபொருளின் ஆற்றலில் சுமார் 30 சதவீதத்தைத்தான் மின்சாரமாக்கும். மிச்சம் சூடாகப் புகைபோக்கி வழியே போய்விடும். எரிபொருள் மின்கலம் எரிக்காமலே மின்சாரம் தரும். அதில் திட ஆக்சைடு வகை 700 முதல் 1,000 டிகிரி செல்சியஸ் சூட்டில் இயங்குவது. காற்றிலுள்ள ஆக்சிஜன் அயனியாகி, சிர்கோனியா பீங்கான் படலத்தைக் கடந்து எரிபொருளோடு சேரும்போது வெளிச்சுற்றில் மின்னோட்டம் பாய்கிறது.

கலத்துக்குள் போகும் எரிபொருளில் ஐந்தில் ஒரு பங்குவரை தப்பிவிடும். கலத்தையும் டர்பைனையும் இணைத்த கலப்பு அமைப்பு பிடித்துக்கொள்வது இதைத்தான். டர்பைனின் கம்ப்ரசர் காற்றை அழுத்துகிறது. டர்பைன் புகையின் சூட்டிலேயே அந்தக் காற்று சூடேறிக் கலத்துக்குப் போகிறது. கலத்தைவிட்டு வெளியேறும் வாயுவில் மிஞ்சிய எரிபொருள் எரிந்து டர்பைனைச் சுழற்றுகிறது. அழுத்தம் கூடுவதால் கலத்தின் மின்னழுத்தமும் சற்று உயரும். மின்சாரத்தில் பெரும்பங்கு கலத்தினுடையது.

2000-இல் கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தின் இர்வின் வளாகத்தில் சீமென்ஸ் வெஸ்டிங்ஹவுஸ் அமைத்த 220 கிலோவாட் இயந்திரம் சுமார் 53 சதவீதத் திறன் காட்டியது. பிரம்மாண்டமான நிலக்கரி அனல்மின் நிலையங்கள் பலவுமே 40-ஐத் தொடத் திணறும் நிலையில், இவ்வளவு சின்ன இயந்திரத்துக்கு இது பெரிய விஷயம். 2015-இல் ஜப்பானின் கியூஷு பல்கலைக்கழகத்தில் இதே வகை 250 கிலோவாட் இயந்திரம் ஓடத் தொடங்கியது.

வடிவமைப்பாளரின் தலைவலி, இரண்டின் சுபாவத்தையும் ஒத்துப்போக வைப்பதில் இருக்கிறது. டர்பைன் சில நிமிடங்களில் வேகம் பிடிக்கும். கலம் சூடேறப் பல மணி நேரமாகும். அவசரப்பட்டால் பீங்கான் விரிசல் விடும். படலத்தின் இருபுறமும் அழுத்தம் வேறுபட்டாலும் அதே கதிதான். கலத்தின் கொள்ளளவு பெரிது என்பதால், லோடு திடீரென மாறினால் கம்ப்ரசரில் காற்று பின்னோக்கி உதைக்கும். அதற்காகவே பைபாஸ் வால்வுகள் வைக்கப்படுகின்றன. குழாய் எரிவாயுவில் வாசனைக்காகக் கலக்கும் கந்தகச் சேர்மம் கலத்தின் நிக்கல் மின்வாயைக் கெடுத்துவிடும். அதையும் முன்கூட்டியே வடிகட்ட வேண்டும்.

திருப்பூர் வட்டாரத்தில் இது எங்கே பொருந்தும்? அனுப்பர்பாளையத்துப் பித்தளைப் பாத்திரப் பட்டறைகளின் பாலிஷ் மோட்டாருக்கும், பனியன் துணி பின்னும் நிட்டிங் மெஷினுக்கும் கரண்ட் போதும். சாயப்பட்டறைக்கு நீராவி வேண்டும். 2011-இல் உயர் நீதிமன்ற உத்தரவால் மூடப்பட்ட சாயப்பட்டறைகள், கழிவுநீரைத் துளியும் வெளியே விடக்கூடாது என்ற நிபந்தனையோடுதான் மீண்டும் திறந்தன. அதனால் கழிவுநீரில் மிஞ்சும் உப்புக் கரைசலை ஆவியாக்கவும் நீராவி செலவாகிறது. கலப்பு அமைப்போ சூட்டையும் மின்சாரமாக்கிவிடுவதால் நீராவிக்கு மிஞ்சுவது குறைவு. சாயப்பட்டறைக்குச் சாதாரண டர்பைனும் அதன் புகையில் ஓடும் பாய்லருமே லாபம். மூன்று ஷிஃப்டும் நிற்காமல் ஓடும் நூற்பாலைக்கே கலப்பு அமைப்பு ஏற்றது. ஆடிக் காற்றில் காற்றாலைகள் சுழலும்போது நிறுத்தி, ஓய்ந்ததும் மறுபடி முடுக்கும் வேலைக்கு அது சரிப்படாது.