ஈமத்தாழி இரும்பும் பெயரிடும் முறையும்

செங்கற்பட்டு மாவட்டத்தில் கிணறு தோண்டுவோரும் மனைக்கு அடிநிலம் அகழ்வோரும் உருத்தெரியா இரும்புத் துண்டுகளைக் காண்பது புதிதன்று. மதுராந்தகத்தை அடுத்த சானூரில் 1950, 1952 ஆகிய ஆண்டுகளில் பானர்ஜி, சௌந்தரராசன் ஆகிய இருவரும் நிகழ்த்திய அகழாய்வு இப்பகுதியின் ஈமக்காடுகளை முறைப்பட விளக்கிற்று. கல்வட்டங்களும், கால்கள் பலவுடைய சுடுமண் ஈமப்பேழைகளும், அவற்றொடு வைக்கப்பெற்ற இரும்புக் கருவிகளும் ஆண்டு வெளிப்பட்டன. இத்தகைய பொருள்களுக்குப் பெயரிடுதல் யாங்ஙனம் என்பதை ஈண்டு ஆராய்வோம்.

முதற்கண் அறியத்தக்கது உலோகம். இரும்பு செம்பழுப்பாகத் துருவேறும்; செம்பும் வெண்கலமும் பசுமை பூக்கும்; பொன் நிறம் திரியாது. இரும்பு துருவேறுங்கால் பருத்துத் தன் வடிவை மறைத்துக்கொள்ளும். ஆகலின் துருவைச் சுரண்டுவோர் கருவியின் விளிம்பையும் உடன் சுரண்டிவிடுதல் கூடும். ஊடுகதிர்ப் படமே உள்ளுருவைக் காட்ட வல்லது. மாமல்லபுரக் கடற்கரையிலோ உப்பின் செறிவால் கேடு மிகுதி. மண்ணுள் நெடுங்காலம் நிலைத்த இரும்பும் காற்றுப் பட்டபின் செதில் செதிலாக உதிரும்.

அடுத்தது வடிவு. இருமுனையிலும் வளையமுடைய இரும்புக் கோலொன்றைத் தனியே காண்பார், அதனைக் கதவின் உறுப்பு எனக் கருதலாம். தென்னாட்டு ஈமக்காடுகளில் கிடைத்த இத்தகையன, பழைய நூல்கள் கலினம் என்னும் கடிவாள இரும்பாகத் துணியப்பெற்றன. துணிவுக்கு வடிவு மட்டும் காரணமன்று. நாகபுரியை அடுத்த மகூர்சரியில் குதிரை எலும்புகளோடு கடிவாள இரும்பு கிடைத்துள்ளமையும் காரணமாகும். உடன்கிடந்த பொருளே பெயரை உறுதிசெய்தது.

இலக்கியச் சான்றைக் கையாளுங்கால் தமிழாய்வாளர்க்கு விழிப்பு வேண்டும். புறநானூற்று 256ஆம் பாட்டு ஈமத்தாழி வனையும் குயவனை விளிக்கின்றது. மணிமேகலையோ இறந்தாரை அடக்கும் முறைகள் ஐந்தினைத் தொகுத்துரைக்கின்றது. இவை வழக்கத்திற்குச் சான்றாவனவே. ஒரு தாழியின் காலத்திற்குச் சான்றாகா. 2025இல் தமிழக அரசு வெளியிட்ட ஆய்வறிக்கை, சிவகளையில் பெறப்பட்ட கரித்துண்டின் காலக்கணிப்பைக் கொண்டு, இரும்பின் தொன்மையைக் கி.மு. நான்காம் ஆயிரத்தாண்டுக்கு எடுத்துச் சென்றது. அங்ஙனமாயின், தாழியில் கிடைத்த முனையொன்றைச் சங்கப்புலவர் பாடிய வேல் எனக் கண்டவுடன் முடிவுகட்டுதல், பல நூற்றாண்டு இடைவெளியை ஒரு சொல்லால் மூடுவதாக முடியும்.

மேற்கூறிய கணிப்பும் இரும்பினின்று பெறப்பட்டதன்று. ஈமக்குழியில் கிடந்த கரியினின்று பெறப்பட்டது. இதனால் பொருள் கிடந்த இடத்தின் சிறப்பு நன்கு புலனாகும். பத்து ரூபாய்க்கு மேற்பட்ட மதிப்புடைய புதைபொருளைக் கண்டெடுத்தோர் மாவட்ட ஆட்சியர்க்கு அறிவித்தல் வேண்டும் என்பது 1878ஆம் ஆண்டுச் சட்டம். பொருளின் இயல்போடு அது கிடைத்த இடத்தையும் நாளையும் குறித்தல் வேண்டும் என்றும் அச்சட்டம் கூறுகின்றது. சட்டம் கேட்கும் அவ்விடத்தை ஆய்வாளன் கேளாதிருத்தல் தகுமா? கல்வட்டங்கள் மனைகளாக மாறிவரும் இந்நாளில், பொருளை எடுத்துவருமுன் அது கிடந்த நிலையையும், ஆழத்தையும், அருகிருந்த தாழித் துண்டுகளையும் குறித்துக்கொள்ளல் மாணாக்கர் கடன். அக்குறிப்பின்றி அருங்காட்சியகம் புகும் கருவி, பெயர் பெறினும் வரலாறு பெறாது.