சுருங்கிய குழாயா, அடைபட்ட குழாயா?

“ஆஞ்சியோ செய்தார்கள், குழாய் அடைத்திருக்கிறதாம்.” சிரம்பானை ஒட்டிய ரஹாங்கிலும் சுற்றுவட்டாரத் தோட்டப்புறக் குடும்பங்களிலும் அடிக்கடி காதில் விழும் பேச்சு இது. மலேசிய மக்கள்தொகையில் இந்தியர் ஏறக்குறைய 7 விழுக்காட்டினரே. ஆனால், மாரடைப்பு நோயாளிகளிடையே நம்மவரின் பங்கு அதைவிட மிகக் கூடுதல். எனவே, படத்தில் தெரியும் குறுகல் எல்லாம் அடைப்புதானா என்பதை நாம் அறிந்திருப்பது நலம்.

இருதயத் தமனிகள் வெறும் இரப்பர்க் குழாய்கள் அல்ல. அவற்றின் சுவரில் தசை உண்டு. இரவில் கெண்டைக்கால் திடீரென இழுத்துப் பிடித்துக் கொள்வதைப் போல, அத்தசையும் சில வேளைகளில் இறுகிக் குழாயைக் குறுக்கிவிடும். இதுவே தமனி இசிப்பு. கொழுப்பு படிந்து உண்டாகும் அடைப்பு பல ஆண்டுகளில் வளர்வது. இசிப்போ பெரும்பாலும் சில நிமிடங்களில் வந்து போவது.

ஆஞ்சியோகிராம் சோதனையில், மணிக்கட்டு அல்லது தொடையிடுக்கு வழியாக ஏறக்குறைய 2 மில்லிமீட்டர் தடிமனுள்ள ‘கதீட்டர்’ குழாயைச் செலுத்துவார்கள். அதன் நுனியை இருதயத் தமனியின் வாயிலில் நிறுத்தி, சாயம் செலுத்திப் படம் எடுப்பார்கள். நுனி சுவரில் உரசினால், அந்த இடம் சுருங்கலாம். வலது தமனியின் வாயிலில் இது கூடுதலாக நேர்கிறது. படத்தில் பார்த்தால், அசல் அடைப்பு போலவே தோன்றும்! அதை அடைப்பு என்றே முடிவு செய்தால், தேவையற்ற ‘ஸ்டென்ட்’ பொருத்தவோ அறுவைச் சிகிச்சை செய்யவோ நேரலாம்.

ஆகவே, ஐயம் எழுந்தால் மருத்துவர் நுனியைச் சற்றுப் பின்னிழுப்பார். தமனிக்குள்ளேயே 100 முதல் 200 மைக்ரோகிராம் நைட்ரோகிளிசரின் செலுத்தி, மீண்டும் படம் எடுப்பார். குறுகல் மறைந்தால் அது இசிப்பு. நிலைத்திருந்தால் பெரும்பாலும் அடைப்பு. நம் வீட்டுப் பெரியவர்கள் நாக்கின் அடியில் வைத்துக்கொள்ளும் மாத்திரையும் இதே மருந்துதான். கடும் இசிப்பில் இரத்த அழுத்தம் இறங்கலாம், இருதயத் துடிப்பு தாறுமாறாகலாம் என்பதால், இரண்டையும் இடைவிடாது கண்காணிப்பார்கள். மணிக்கட்டுத் தமனியும் இசிக்கலாம். அச்சம் அதைக் கூட்டும். எனவே, கை வலித்தால் பொறுத்துக் கொள்ளாமல் உடனே சொல்லவேண்டும்.

கதீட்டர் படாமலும் இசிப்பு வரும். இவ்வகை நெஞ்சுவலியை 1959இல் அமெரிக்க மருத்துவர் பிரின்ஸ்மெட்டலும் அவருடைய குழுவினரும் விளக்கினார்கள். உழைக்கும்போது அன்றி, ஓய்வில், பெரும்பாலும் நள்ளிரவுக்கும் விடியலுக்கும் இடையே இது வரும். புகைபிடித்தல் இதற்கு முக்கியக் காரணம். வலி இல்லாத நேரத்தில் எடுத்த படம் சுத்தமாக இருக்கலாம். “அடைப்பு இல்லை” என்றதும், “வெறும் வாயுதான்” என்று நாம் வலியை மறந்துவிடுகிறோம். ஆபத்து அங்கேதான் இருக்கிறது. இசிப்பைக் கண்டறியத் தனிச் சோதனைகளும், அடக்க ‘கால்சியம்’ தடுப்பு மருந்துகளும் உள்ளன.

மருத்துவமனையில் தாத்தா பாட்டிக்காக மலாயிலும் ஆங்கிலத்திலும் பேசுபவர்கள் பெரும்பாலும் மாணவர்களாகிய நாமே. வலி எந்நேரத்தில் வந்தது, ஓய்விலா உழைப்பிலா, எத்தனை சிகரெட், என்னென்ன மருந்து என்பவற்றை எழுதிக்கொண்டு செல்வோம். ஆண்மைக்கான மாத்திரையைப் பிள்ளைகள் முன் சொல்லப் பெரியவர்கள் கூசுவார்கள். நைட்ரோகிளிசரினோடு அது சேர்ந்தால் இரத்த அழுத்தம் ஆபத்தான அளவுக்கு இறங்கிவிடும். அந்தக் கேள்விக்கு அவர்களை மருத்துவரிடம் தனியே பேசவிட்டு நாம் வெளியே நிற்போம். “மருந்து கொடுத்து மறுபடி படம் எடுத்தீர்களா?” என்று பணிவோடு கேட்பதிலும் தவறில்லை.

வீட்டில் நெஞ்சுவலி நீடித்தால், இசிப்பா அடைப்பா என்று நாமே தீர்ப்பு எழுத வேண்டாம். 999ஐ அழைப்போம். கற்ற கல்வி நம் குடும்பத்தின் உயிர்காக்கவும் உதவட்டும்.