டாங்கிக்கு ஒரு விசிறி

சுபாங் ஜெயாவில் ஒரு பிற்பகல், பந்தாட யாரும் வராத சிமெந்துத் தரையொன்றில், என் தங்கை மகன் ரிமோட்டால் ஓட்டிக்கொண்டிருந்த டைகர் டாங்கி, நின்ற இடத்திலேயே மூன்று முறை வட்டமடித்து, நான்காவது வட்டத்தின் பாதியில் முனகலோடு படுத்துவிட்டது. ஒன்றே முக்கால் அடி நீளம். இரண்டாம் உலக யுத்தத்தில் ஜெர்மானியர் ஓட்டிய மெய்யான யந்திரத்தைப் பதினாறில் ஒரு பங்காகச் சுருக்கிச் செய்த பிளாஸ்டிக் உருவம். மேல்மூடியைக் கழற்றி உள்ளே விரல் வைத்த பையன் சட்டென்று கையை உதறிக்கொண்டான்.

"மோட்டார் கொதிக்குது மாமா. ஒரு பேன் வாங்கிப் போட்டா சரியாயிரும்."

எனக்கும் அது நியாயமாகவே பட்டது. உஷ்ணமென்றால் விசிறி என்பது நம்மவர் பிறந்த நாள் முதல் அறிந்த சிகிச்சையல்லவா? ஆகவே மறுநாளே கோலாலம்பூர் ஜாலான் பாசாருக்குப் போய், மின்னணுச் சாமான்கள் விற்கும் அந்த வீதியின் கடையொன்றில் கைக்கு முதலில் அகப்பட்ட சின்னஞ்சிறு விசிறியை வாங்கிவந்து, டாங்கியின் வயிற்றுக்குள் இருபக்கமும் பசையுள்ள நாடாவால் ஒட்டி, மூடியைத் திருகி, அதே தரையில் மறுபடியும் ஓட்டினோம். முன்பு பத்து நிமிஷத்தில் படுத்தது, இம்முறை பதினொரு நிமிஷத்தில் படுத்தது.

இந்தப் பொழுதுபோக்கு புதிதன்று. ஜப்பானில் ஷிசுவோகா நகரத்துத் தமியா கம்பெனி 1974-இலேயே இந்த அளவில் லெப்பர்ட் டாங்கியொன்றை ரேடியோவால் ஓட்டும்படி செய்து விற்றது. பிற்காலத்தில் சீனத்து ஹெங் லாங் போன்றோர் மலிவாகச் செய்து குவித்தபின், சாமான்யக் குடும்பத்துப் பையன்கள் கைக்கும் அது வந்து சேர்ந்தது. வந்து சேர்ந்த இடமோ வருஷம் முழுவதும் பிற்பகல் வெப்பம் 32, 33 டிகிரியைத் தொடும் கிள்ளான் பள்ளத்தாக்கு; அதிலும் சீஃபீல்டு தோட்டத்து மர நிழல் போய்ச் சிமெந்தும் தாரும் வந்து அமர்ந்த எங்கள் ஊர்.

டாங்கி ஏன் இவ்வளவு சூடாகிறது? காரைப்போல முன்சக்கரத்தை ஒடித்து வளைந்து செல்லும் வண்டியல்ல அது. ஒரு பக்கத்துச் சங்கிலியை முன்னே ஓட்டி, மறு பக்கத்தை நிறுத்தியோ பின்னோக்கிச் சுழற்றியோ, தரையோடு உராய்ந்து உராய்ந்து திரும்புகிற பிராணி. நேராக ஓடும்போது சாவதானமாக இருக்கும் அதன் இரண்டு மோட்டார்களும் திரும்பும்போது பன்மடங்கு மின்சாரத்தைக் குடிக்கின்றன. செப்புக் கம்பியில் பிறக்கும் உஷ்ணமோ மின்னோட்டத்தின் இருமடிக்கேற்ப வளர்வது: ஓட்டம் இரட்டித்தால் உஷ்ணம் நான்கு மடங்கு, மும்மடங்கானால் ஒன்பது மடங்கு. சூடேறிய செம்பின் மின்தடை டிகிரிக்குச் சுமார் 0.4 சதவீதம் கூடுகிறது; மோட்டாருக்குள் இருக்கும் ஃபெர்ரைட் காந்தத்தின் பலம் டிகிரிக்குச் சுமார் 0.2 சதவீதம் குறைகிறது. பலம் குன்றிய மோட்டார் அதே வேலைக்கு இன்னும் அதிக மின்சாரம் கேட்கிறது. வட்டி கட்டுவதற்காக மறுபடியும் கடன் வாங்குகிறவன் கதைதான். இதன்மேல், பார்வைக்கு அழகென்று பிளாஸ்டிக் சங்கிலியைக் கழற்றிவிட்டு உலோகச் சங்கிலி பூட்டுகிறவர்கள் கடனை இன்னும் பெருக்கிக்கொள்கிறார்கள்.

விசிறி வாங்கியும் ஏன் பலிக்கவில்லை என்பதற்கு வருகிறேன். மனிதனுக்கு விசிறி சுகம் தருவது, பெரும்பாலும், நம் மேனியின் வியர்வையை அது ஆவியாக்குவதால். ஆவியாகும் நீர் உடம்பின் உஷ்ணத்தைக் கொண்டுபோகிறது. மோட்டாருக்கு வியர்வை கிடையாது. அதைச் சுற்றியுள்ள காற்று அதைவிடக் குளிர்ந்திருக்கும்வரையில்தான் விசிறியால் பிரயோஜனம். மூடிய பிளாஸ்டிக் கூட்டுக்குள் அடைபட்ட காற்றோ சீக்கிரத்தில் மோட்டாரோடு சேர்ந்து தானும் சூடாகிவிடுகிறது. அதன்பிறகு விசிறி செய்வதெல்லாம் கொதிக்கும் குழம்பைக் கரண்டியால் துழாவுகிற வேலையே. எங்களுக்குக் கிடைத்த ஒரு நிமிஷ லாபம், அந்தக் காற்று சூடேறப் பிடித்த நேரம்.

ஒரு சிறு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். ஒரு கன மீட்டர் காற்றை ஒரு டிகிரி சூடாக்க ஏறத்தாழ 1.2 கிலோஜூல் சக்தி வேண்டும். டாங்கிக்குள் மோட்டார்களும் வேகத்தைக் கட்டுப்படுத்தும் பலகையுமாகச் சேர்ந்து 20 வாட் உஷ்ணத்தை வெளியிடுகின்றன என்று வைத்துக்கொள்வோம். நிமிஷத்துக்கு ஐந்து கன அடிக் காற்று உள்ளே புகுந்து வெளியேறினால், வெளியேறும் காற்று புகுந்ததைவிட ஏழு டிகிரிதான் கூடுதலாயிருக்கும்: 33-இல் புகுந்தது 40-இல் போகும். காற்றுவழி அடைத்துக்கொண்டு காற்று பாதியானால் ஏழு பதினான்காகி, 47. வழியே இல்லாவிட்டால், உஷ்ணம் கூட்டின் சுவர் வழியாகக் கசிந்தே தீரவேண்டும். பிளாஸ்டிக்கோ உஷ்ணத்தைக் கடத்துவதில் மகா கஞ்சன். ஆகவே வாங்கும்போது எத்தனை கன அடி என்று விசிறியின் அட்டையைப் படிப்பதற்கு முன்னால், அந்தக் காற்று எங்கே நுழைந்து எங்கே வெளியேறும் என்று டாங்கியைப் படிக்கவேண்டும் என்பது என் திடமான அபிப்பிராயம்.

மெய்யான டாங்கிகளை நிர்மாணித்தவர்களும் இந்த விஷயத்தோடு மல்லாடியவர்களே. 1942 ஜனவரி 7-ஆம் தேதி விடியுமுன் பேராக் மாநிலத்துச் சிலிம் ரிவரில் பிரிட்டிஷ் இந்தியப் படையின் அணிகளைப் பிளந்துகொண்டு வந்த ஜப்பானியரின் 97-ஆம் ரக டாங்கியில், தண்ணீரே இல்லாமல் காற்றாலேயே குளிரும் பன்னிரண்டு சிலிண்டர் டீசல் என்ஜின் இருந்தது. ஜெர்மானியரின் டைகருக்கோ தண்ணீர்தான். அதன் இரண்டு ரேடியேட்டர்களுக்கும் இரண்டிரண்டாக நான்கு விசிறிகளைப் பின்பக்கத்தில் வைத்து, மேலே சல்லடை போட்டு மூடினார்கள். பொம்மையிலும் அந்தச் சல்லடைகள் அச்சாக இருக்கின்றன. அங்கேதான் நாங்கள் இரண்டாவது முறை ஏமாந்தோம்.

சல்லடைக்கு அடியிலிருந்த பிளாஸ்டிக்கைத் துளையிட்டுத் திறந்து, காற்றை வெளியே தள்ளும்படி விசிறியை அங்கே பொருத்தினோம். காற்று ஜோராக வெளியே வந்தது. மோட்டார் மட்டும் அப்படியே கொதித்தது. பூஜை அறையிலிருந்து ஓர் ஊதுபத்தியை எடுத்துவந்து, அதன் கனலின் புகையை டாங்கியைச் சுற்றி மெல்ல நகர்த்திப் பார்த்தபோதுதான் சூட்சுமம் விளங்கிற்று. பீரங்கிக் கூண்டுக்கு அடியில் கம்பிகள் போவதற்காக விட்டிருந்த வட்டத் துவாரத்தில் புகை குபுகுபுவென்று உள்ளே இறங்கி, நேரே பின்சல்லடை வழியாக வெளியேறியது. முன்பக்கத்தை அது எட்டிக்கூடப் பார்க்கவில்லை. டைகரின் சங்கிலியை இழுக்கும் பல்சக்கரம் முன்னால் இருப்பது. ஆகையால் பொம்மையின் மோட்டார்கள் இருப்பதும் முன்னால், மெய்யான டாங்கியில் சாரதி உட்காருமிடத்தில். பொம்மையின் பின்சல்லடைக்கு அடியில் என்ஜின் என்று எதுவுமில்லை. லெப்பர்டும், போலந்திலிருந்து நம் மலேசிய ராணுவம் 48 வாங்கிய பெண்டேக்கார் டாங்கியும் பின்சக்கரத்தால் இழுபடுபவை. அவற்றின் உருவங்களில் மோட்டார்கள் சல்லடைக்கு நேர்கீழே வந்துவிடும், இந்தத் தொல்லை இராது.

பிறகு செய்தது சொற்பம். வட்டத் துவாரத்தில் கம்பிகளைச் சுற்றிப் பஞ்சுத் துண்டை அடைத்தோம். சாரதியின் மூடியை அறுத்துத் திறந்து, புல்லும் மண்ணும் போகாதிருக்க மெல்லிய வலையொன்றை உட்புறம் ஒட்டினோம். மறுபடியும் ஊதுபத்தி. இம்முறை புகை சாரதியின் வாசல் வழியே ஒரு நூலாக உள்ளே இழுபட்டு, மோட்டார்களின்மேல் தவழ்ந்து, டாங்கியின் நீளம் முழுவதையும் கடந்து பின்னால் வெளிப்பட்டது. பையன் கைதட்டினான். எனக்கும் தட்டத் தோன்றியது. வயதைக் கருதிச் சும்மா இருந்தேன்.

இனி விசிறியைப் பற்றி. இந்த அளவு டாங்கிக்கு 30 மில்லிமீட்டர் சதுரம் பொருந்தும். இடமிருந்தால் 40 இன்னும் நல்லது, ஏனெனில் பெரியது மெதுவாகச் சுழன்றே அதே காற்றைத் தள்ளும், இரைச்சலும் குறையும். சட்டத்தில் அம்புக்குறி இல்லாவிட்டால், நடு மோட்டாரைத் தாங்கும் கைகளும் ஸ்டிக்கரும் உள்ள பக்கமாகவே சாதாரணமாகக் காற்று வெளியேறும். தாங்கு உருளைக்குப் பதில் எண்ணெயிட்ட புஷ்ஷை நம்பும் ரகம் சூட்டில் சீக்கிரம் வறண்டு கிறீச்சிடும். படுக்கைவசமாகக் கிடந்து மேடுபள்ளத்தில் குலுங்கவேண்டிய நம் விசிறிக்குப் பால்பேரிங் ரகமே தகும், சற்றே சத்தமிட்டாலும்.

வோல்ட் விஷயத்தில்தான் பலர் விசிறியைப் பலிகொடுக்கிறார்கள். இரட்டைச் செல் லித்தியம் பேட்டரியின்மேல் 7.4 வோல்ட் என்று எழுதியிருந்தாலும், முழுதாக ஏற்றியதும் அது 8.4, ஐந்து வோல்ட் விசிறியை அதில் நேரடியாகச் செருகினால் ஆயுள் குறையும். பன்னிரண்டு வோல்ட் விசிறியோ அதில் சோம்பலாகச் சுழலும், சில கிளம்பவே மறுக்கும். ரிசீவருக்கு ஐந்து வோல்ட் கொடுக்கும் இணைப்பிலிருந்து ஐந்து வோல்ட் விசிறிக்கு மின்சாரம் எடுப்பதே உத்தமம். அது குடிப்பது 0.1, 0.2 ஆம்பியர்தான், பேட்டரிக்குத் தெரியாது. கம்பிகளைச் சுலபமென்று மோட்டார் முனைகளில் பற்றவைக்காதீர்கள்: டாங்கி பின்வாங்கும்போதெல்லாம் அங்கே நேர்மின், எதிர்மின் மாறும், இத்தகைய விசிறி திசை மாறிச் சுழலாது, நின்றுவிடும் அல்லது கெட்டுவிடும். அன்றியும் டாங்கி நின்றவுடன் விசிறியும் நின்றுபோகும். சூடு மிச்சமிருப்பதோ அப்போதுதான். ஓட்டி முடித்தபின் இரண்டு மூன்று நிமிஷம் விசிறியை ஓடவிடுவது எங்கள் வழக்கமாகிவிட்டது.

இப்போது பையனின் டாங்கி அரை மணிக்குமேல் ஓடுகிறது. பேட்டரி தீர்ந்து நிற்கிறதேயன்றிச் சூட்டில் படுப்பதில்லை. ஒன்றை மட்டும் பெற்றோர் கவனிக்கவேண்டும். விளையாட்டு முடிந்து, வெயிலில் நிறுத்தியிருக்கும் காருக்குள் டாங்கியை வைத்துவிட்டு ரொட்டி சானாய் சாப்பிடப் போகாதீர்கள். ஜன்னல் மூடிய காரின் உஷ்ணத்தை எந்த விசிறியாலும் வெல்ல முடியாது, லித்தியம் பேட்டரி அதைத் தாங்கவும் தாங்காது. பேட்டரியைக் கழற்றிக் கையோடு கொண்டுபோங்கள்.