இணையத்தில் விரியும் நாடக அரங்கு

நுழையும்முன்

கல்லில் வடித்த சிற்பம் நூற்றாண்டுகள் கடந்தும் நிற்கிறது. ஓலையில் எழுதிய பாட்டு படியெடுக்கப்பட்டு வாழ்கிறது. நாடகமோ நிகழும்போதே மறைந்துகொண்டிருக்கும் கலை. நடிகர் மேடையை விட்டு இறங்கியதும் அந்த இரவின் நாடகம் முடிந்துவிடுகிறது. மறையும் இக்கலையைக் காக்கவும் கற்கவும் கற்பிக்கவும் இணையம் இன்று துணைநிற்கிறது. அத்துணையை எவ்வாறு பெறுவது, எந்த அளவிற்கு நம்புவது, எத்தகைய பொறுப்புடன் பயன்படுத்துவது என்பவற்றை இப்பாடம் விளக்குகிறது.

பதிவின் அருமை

இயல், இசை, நாடகம் என மூன்றாகப் பகுத்த மொழி நம்முடையது. ஆயினும் இயற்றமிழ் நூல்கள் நமக்குக் கிடைத்த அளவிற்குப் பழைய நாடகத்தமிழ் நூல்கள் கிடைக்கவில்லை. சிலப்பதிகாரத்திற்கு உரை எழுதிய அடியார்க்கு நல்லார், தம் காலத்திற்கு முன்பே மறைந்துபோன இசை, நாடக நூல்களைக் குறிப்பிடுகிறார். தமக்குக் கிடைத்தவையாக இசைநுணுக்கம், இந்திரகாளியம், பஞ்சமரபு, பரதசேனாபதீயம், மதிவாணர் நாடகத்தமிழ்நூல் ஆகிய ஐந்தனையும் சுட்டுகிறார். அவற்றுள் பஞ்சமரபு பிற்காலத்தில் கண்டெடுக்கப்பட்டு அச்சேறியது. மதிவாணர் நாடகத்தமிழ்நூலோ உரையாசிரியர் எடுத்துக்காட்டும் சில பகுதிகளின் வழியாகவே இன்று அறியப்படுகிறது.

இவ்விழப்பு நமக்கு மட்டும் உரியதன்று. ஆங்கில நாடகாசிரியர் சேக்சுபியர் 1616ஆம் ஆண்டு மறைந்தார். அவருடன் நடித்த நண்பர்கள் இருவர் ஏழு ஆண்டுகள் கழித்து, 1623இல், அவருடைய நாடகங்கள் முப்பத்தாறைத் தொகுத்து ஒரே நூலாக வெளியிட்டனர். அவற்றுள் ஏறத்தாழப் பாதி அதற்குமுன் அச்சேறாதவை. 'மேக்பெத்', 'சூலியசு சீசர்', 'பன்னிரண்டாம் இரவு', 'புயல்' ஆகியவை அப்பட்டியலில் அடங்கும். அத்தொகுப்பு வெளிவராதிருந்தால் இன்று உலகமெங்கும் நடிக்கப்படும் இந்நாடகங்கள் நமக்குக் கிட்டாமலே போயிருக்கக்கூடும். ஒரு கலையின் வாழ்வு, அதனைப் பதிந்து வைப்போரின் அக்கறையையும் சார்ந்தது என்பதற்கு இது சான்றாகும்.

எழுத்து வளங்கள்

நாடகம் கற்போருக்கு முதலில் வேண்டுவது நாடகப் பனுவல். நூலகம் அருகில் இல்லாத ஊரில் வாழும் மாணவரும் இன்று பழைய நாடக நூல்களைக் கைப்பேசியில் படிக்க இயலும். 1998ஆம் ஆண்டு பொங்கல் நாளில் தொடங்கப்பட்ட மதுரைத் திட்டம், தன்னார்வலர்களின் உழைப்பால் தமிழ் இலக்கியங்களைத் தட்டெழுதி, மெய்ப்புப் பார்த்து, கட்டணமின்றி வழங்கிவருகிறது. பெ. சுந்தரனார் 1891இல் வெளியிட்ட மனோன்மணீயம் என்னும் கவிதை நாடகம் அங்கே கிடைக்கிறது.

2001ஆம் ஆண்டு தமிழ் இணையப் பல்கலைக்கழகம் என்னும் பெயரில் தொடங்கப்பட்டு, இன்று தமிழ் இணையக் கல்விக்கழகம் எனப்படும் நிறுவனத்தின் மின்னூலகத்தில் இலக்கியங்கள் உரையுடன் உள்ளன. அவற்றில் ஒரு சொல்லையோ பாடலடியையோ தேடிக் கண்டடையும் வசதியும் உண்டு. தமிழக அரசு நாட்டுடைமையாக்கிய நூல்களை மின்வடிவில் படிக்கவும் அது வழிசெய்கிறது. தமிழ் விக்கிமூலத்தில் அச்சு நூலின் பக்கப் படமும் தட்டெழுதிய வடிவமும் அருகருகே இருப்பதால், ஐயம் எழும்போது ஒப்பிட்டுப் பார்க்கலாம்.

ஈழத்து நாடக மரபை அறிய விரும்புவோருக்கு, 2005இல் தொடங்கப்பட்ட நூலகம் என்னும் மின்னூலகம் பெருந்துணையாகும். பேராசிரியர் சு. வித்தியானந்தன் 1960களில் பேராதனைப் பல்கலைக்கழக மாணவர்களைக் கொண்டு ஈழத்துக் கூத்துகளைப் புதுமெருகுடன் மேடையேற்றினார். 'கர்ணன் போர்', 'இராவணேசன்' ஆகியவை அவற்றுள் புகழ்பெற்றவை. அம்மரபு தொடர்பான நூல்களும் இதழ்களும் அத்தளத்தில் தொகுக்கப்பட்டுள்ளன.

ஆங்கில நாடகங்களைப் பயில்வோர், அமெரிக்காவின் வாசிங்டன் நகரிலுள்ள ஃபோல்கர் சேக்சுபியர் நூலகத்தின் இணையத்தளத்தை நாடலாம். செம்மையாகப் பதிப்பிக்கப்பட்ட நாடகப் பனுவல்கள் அங்கே கட்டணமின்றிக் கிடைக்கின்றன. வகுப்பறையில் நாடகத்தை நடித்துக் கற்பிப்பதற்கு உதவும் குறிப்புகளும் ஆசிரியர்களுக்காக வழங்கப்படுகின்றன.

அரங்கை அளந்து பார்த்தல்

மின்னூலகம் படிப்பதற்கு மட்டும் உரியதன்று. செய்து பார்ப்பதற்கும் உரியது. இதற்குச் சிலப்பதிகாரத்தின் அரங்கேற்று காதையை எடுத்துக்கொள்வோம். மாதவி ஆடிய அரங்கின் அளவுகளை இளங்கோவடிகள் துல்லியமாகத் தருகிறார். பொதிய மலையில் வளர்ந்த மூங்கிலில் ஒரு கோல் வெட்டப்படுகிறது. அதன் நீளம் கைப்பெருவிரல் அளவில் இருபத்து நான்கு. அக்கோலால் அரங்கின் நீளம் எட்டு, அகலம் ஏழு, உயரம் ஒன்று. அரங்கின் தளத்திற்கும் மேலுள்ள உத்தரப்பலகைக்கும் இடையே நான்கு கோல். உள்ளே புகவும் வெளியே செல்லவும் இரண்டு வாயில்கள். ஒருமுக எழினி, பொருமுக எழினி, கரந்துவரல் எழினி என மூவகைத் திரைகள். தூண்களின் நிழல் ஆடுமிடத்தில் விழாதவாறு ஏற்றப்பட்ட விளக்குகள் ஆகியவையும் இருந்தன.

இப்பகுதியை மின்னூலகத்தில் உரையுடன் படித்து, அளவுகளைத் தாளில் வரையலாம். பெருவிரலின் அகலத்தை 2 செ.மீ. எனக் கொண்டால் ஒரு கோல் 48 செ.மீ. ஆகும். அரங்கு 3.84 மீட்டர் நீளமும் 3.36 மீட்டர் அகலமும் கொண்டதாக அமையும். தளத்திற்கும் உத்தரப்பலகைக்கும் இடைப்பட்ட உயரம் 1.92 மீட்டர் மட்டுமே. கை உயர்த்தி ஆடுவோருக்கு இது போதுமா என்னும் வினா உடனே எழுகிறது. விரலின் அகலத்தை 2.5 செ.மீ. எனக் கொண்டால் கோல் 60 செ.மீ. ஆகும். அரங்கு 4.8 மீட்டர் நீளமும் 4.2 மீட்டர் அகலமும் பெறும். மேல் இடைவெளி 2.4 மீட்டராக உயரும். விரலளவில் அரை செ.மீ. மாறினால் அரங்கின் தோற்றமே மாறிவிடுகிறது. பள்ளி முற்றத்தில் சுண்ணாம்புக் கோடிட்டு இவ்விரு அரங்குகளையும் அமைத்து, அவற்றில் நின்று பார்க்கும் மாணவர், உரையை மட்டும் மனனம் செய்தவர் அறியாத ஒன்றை அறிவார். இணையம் பனுவலைத் தருகிறது. அதனை அரங்காக்குவது மாணவரின் உழைப்பே.

காட்சி வளங்கள்

நாடகம் கண்ணுக்கும் செவிக்கும் உரியது. ஆதலின் பனுவலுடன் காட்சிப் பதிவுகளும் வேண்டும். 1953இல் தொடங்கிவைக்கப்பட்ட சங்கீத நாடக அகாதெமி, இந்திய நிகழ்த்துகலைகளின் ஒலி, ஒளிப் பதிவுகளைத் தொகுத்துக் காத்துவருகிறது. அவற்றுள் ஒரு பகுதியை யூடியூப் தளத்திலும் காணலாம். யுனெசுகோ நிறுவனத்தின் மானுடப் பண்பாட்டு மரபுப் பட்டியலில் கேரளத்தின் கூடியாட்டமும் முடியேற்றும் இடம்பெற்றுள்ளன. ஒவ்வொரு கலைக்கும் விளக்கமும் ஒளிப்படங்களும் காணொலியும் அந்நிறுவனத்தின் தளத்தில் உள்ளன. கண்ணசைவாலும் முத்திரையாலும் ஒரு கதைப்பகுதியை விரித்துரைக்கும் கூடியாட்டத்தையும், பாட்டும் அடவும் ஓங்கி ஒலிக்கும் நம் தெருக்கூத்தையும் அடுத்தடுத்துப் பார்க்கும் மாணவர், அண்டை மரபுகள் எவ்வாறு ஒத்தும் வேறுபட்டும் வளர்ந்தன என்பதை உணர்வார்.

இலண்டன் தேசிய நாடக அரங்கம் 2009 முதல் தன் நாடகங்களைத் திரையரங்குகளுக்கு ஒளிபரப்பத் தொடங்கியது. 2020இல் பெருந்தொற்றால் அரங்குகள் மூடப்பட்டபோது, பதிவுசெய்த நாடகங்களைச் சில காலம் இணையத்தில் கட்டணமின்றி வழங்கியது. ஆயிரம் பேர் அமரும் அரங்கிற்கு வர வாய்ப்பற்றோரும் வீட்டிலிருந்தே அவற்றைக் கண்டனர். பேரிடர்க் காலம் அரங்கைப் பூட்டியது. பதிவு அதன் வாயிலைத் திறந்தது.

பதிவைப் பார்க்கும் முறை

பதிவு நாடகத்தின் நிழலேயன்றி நாடகம் ஆகாது. தெருக்கூத்தை எண்ணிப் பாருங்கள். இருவர் பிடித்த திரைக்குப் பின்னிருந்து வேடம் தோன்றுகிறது. கட்டியக்காரன் எள்ளலுடன் உரையாடுகிறான். பின்பாட்டுக்காரரும் மத்தளக்காரரும் முகவீணைக் கலைஞரும் நடிகரின் ஒவ்வோர் அசைவிற்கும் செவிகொடுத்திருக்கின்றனர். சுற்றி அமர்ந்த ஊரார் சிரிக்கின்றனர், கலங்குகின்றனர். பாரதக் கூத்தின் படுகள நிகழ்வில் ஊரே பங்கேற்கிறது. ஒளிப்படக் கருவி நடிகரின் முகத்தை அணுகிக் காட்டும்போது, அதே நொடியில் மத்தளக்காரர் அவரை நோக்கும் பார்வை விடுபட்டுப்போகிறது. எதைப் பார்க்க வேண்டும் என்பதை அரங்கில் நாமே தேர்கிறோம். பதிவில் பிறர் நமக்காகத் தேர்ந்துவிடுகின்றனர்.

எனவே ஒரு பதிவை ஒருமுறை பார்ப்பது போதாது. பத்து நிமிடப் பகுதி ஒன்றை மும்முறை பார்க்கலாம். முதன்முறை இயல்பாகப் பார்க்க வேண்டும். இரண்டாம் முறை ஒலியை நிறுத்திவிட்டு, உடல் எவ்வாறு பேசுகிறது என்பதைக் கவனிக்க வேண்டும். மூன்றாம் முறை கண்களை மூடி, குரலின் ஏற்ற இறக்கத்தையும் இடையிலுள்ள மௌனத்தையும் கேட்க வேண்டும். ஆசிரியர் வகுப்பை மூன்று குழுவாகப் பிரித்து, உடல், குரல், மேடை அமைப்பு என ஒவ்வொன்றையும் ஒரு குழுவிடம் ஒப்படைக்கலாம். திரையைப் பார்த்த நேரத்தைவிட அதனைப் பற்றி உரையாடிய நேரமும் நடித்துப் பார்த்த நேரமும் மிகுதியாக இருத்தல் வேண்டும்.

மெய்ப்பொருள் காணல்

இணையத்தில் கிடைப்பன எல்லாம் மெய்யல்ல. சங்கரதாசு சுவாமிகள் இயற்றிய நாடகங்கள் எத்தனை எனத் தேடினால், வெவ்வேறு எண்ணிக்கைகள் கிடைக்கும். அச்சேறியவற்றை மட்டும் எண்ணுவதா, மேடையில் வழங்கியவற்றையும் சேர்ப்பதா என்பதைப் பொறுத்துக் கணக்கு மாறக்கூடும். எனவே ஒரு செய்தியைக் கண்டதும் மூன்று வினாக்களை எழுப்புங்கள். இதனைக் கூறுபவர் யார்? எந்த நூலை அல்லது பதிவைச் சான்றாகக் காட்டுகிறார்? வேறொரு நம்பத்தகுந்த தளமோ நூலோ இதனை உறுதிசெய்கிறதா? மூன்றிற்கும் விடை கிடைக்காத செய்தியை ஏட்டில் எழுதுவதற்குமுன் தயங்குவதே ஆய்வு மனப்பான்மையின் தொடக்கம்.

சுகுண விலாச சபையை 1891இல் தோற்றுவித்த பம்மல் சம்பந்தனார், தம் மேடை வாழ்வை 'நாடக மேடை நினைவுகள்' என்னும் நூலில் விரிவாக எழுதியுள்ளார். அவரைப் பற்றிய பத்து இணையக் குறிப்புகளைப் படிப்பதினும், அவரே எழுதிய நூலின் சில பக்கங்களைப் படிப்பது மேலானது. மூல நூலை நாடும் பழக்கத்தை இணையம் எளிதாக்கியுள்ளது. அதனைப் பயன்கொள்வது நம் கடமை.

உரிமையும் அறமும்

கிடைப்பது எளிது என்பதனால் அனைத்தும் நமக்கு உரியவை ஆகிவிடா. இந்தியப் பதிப்புரிமைச் சட்டம் 1957இன்படி, ஆசிரியர் தம் வாழ்நாளில் வெளியிட்ட நாடகத்தின் உரிமை அவர் வாழும் காலத்திலும், அவர் மறைந்த பின்னர் அறுபது ஆண்டுகளும் நீடிக்கிறது. 1922இல் மறைந்த சங்கரதாசு சுவாமிகளின் பனுவல்களை இன்று எவரும் பயன்படுத்தலாம். இன்று வாழும் நாடகாசிரியரின் பனுவலுக்கு அவரது இசைவு வேண்டும்.

கல்வி நிறுவனங்களுக்குச் சட்டம் ஒரு விலக்கு அளித்துள்ளது. பள்ளி நடவடிக்கையின் பகுதியாக மாணவரும் ஆசிரியரும் ஒரு நாடகத்தை நடிக்கலாம். ஆயின் பார்வையாளர்கள் மாணவர், ஆசிரியர், பெற்றோர், பள்ளியுடன் தொடர்புடையோர் என்னும் அளவிற்குள் அமைதல் வேண்டும். அதே நாடகத்தைப் பதிவுசெய்து இணையத்தில் ஏற்றினால் உலகமே பார்வையாளராகிவிடும். விலக்கின் எல்லையும் கடக்கப்பட்டுவிடும். அப்போது உரியவரின் இசைவைப் பெறுதல் தேவையாகிறது.

எழுதியவருக்கு மட்டுமன்றி நிகழ்த்துவோருக்கும் சட்டம் உரிமை வழங்குகிறது. விடிய விடிய ஆடும் கூத்துக் கலைஞரை அவரறியாமல் கைப்பேசியில் பதிந்து, பெயர்கூடக் குறிப்பிடாமல் பரப்புவது முறையன்று. அக்கலை அவருடைய வாழ்வாதாரம். முழுக் கூத்தும் கைப்பேசியில் கிடைத்துவிட்டால் அழைப்பு குறையுமோ என அவர் அஞ்சுவது இயல்பே. இசைவு பெற்று, கலைஞர், குழு, ஊர், நாள் ஆகியவற்றைக் குறித்துப் பதிவது அவருக்குச் செய்யும் மரியாதை. எதிர்கால ஆய்வாளருக்கும் அக்குறிப்பே பதிவினும் பயன்மிக்கதாக அமையலாம்.

நம் பங்கு

இணைய வளங்களைத் துய்ப்போராக மட்டும் நாம் இருந்துவிடுதல் கூடாது. உங்கள் ஊரில் கூத்து, பாவைக்கூத்து, கோவில் திருவிழா நாடகம் எனப் பதிவு பெறாத மரபு ஏதேனும் இருக்கலாம். அதனை அறிந்த முதியோர் உங்கள் தெருவிலேயே வாழக்கூடும். அவர்களிடம் கேட்டு எழுதப்படும் பத்துப் பக்கங்கள், எந்தத் தேடுபொறியும் இன்று தர இயலாத செல்வமாகும். மதிவாணரின் நூலைப் படியெடுத்துக் காக்க அன்று போதிய கைகள் இல்லாமல் போயின. இன்று நம் ஒவ்வொருவர் கையிலும் பதிவுக் கருவி இருக்கிறது. அதனை எதற்குப் பயன்படுத்துகிறோம் என்பதைப் பொறுத்தே, நாளைய தலைமுறைக்கு நாடகத்தமிழ் எவ்வளவு எஞ்சும் என்பது அமையும்.

கற்பவை கற்றபின்

1. அரங்கேற்று காதை கூறும் அளவுகளைக் கொண்டு அரங்கின் மாதிரி ஒன்றை அட்டையில் செய்து வகுப்பில் காட்சிப்படுத்துக.

2. கூடியாட்டம், தெருக்கூத்து ஆகியவற்றின் காணொலிகளைப் பார்த்து, ஒப்பனை, இசை, உடலசைவு ஆகியவற்றை ஒப்பிட்டு ஒரு பக்க அளவில் எழுதுக.

3. உங்கள் ஊரில் வாழும் நாடகக் கலைஞர் ஒருவரை இசைவு பெற்று நேர்காணல் செய்து, அதனை எழுத்து வடிவில் தொகுக்க.

4. 'பதிவு நாடகத்தைக் காக்கிறதா, மாற்றுகிறதா?' என்னும் தலைப்பில் வகுப்பறையில் கலந்துரையாடுக.