கைக்கு வந்த கணிப்பொறி

பண்ணுருட்டியில் முந்திரி வாணிகம் செய்யும் எம் உறவினர் ஒருவர்க்குச் சில ஆண்டுகட்கு முன் ஓர் இடர் நேர்ந்தது. அவரிடம் நெடுநாள் பணியாற்றிய கணக்கர் வேறு வேலை கிடைத்து வெளியூர் சென்றார். மறுநாட் காலையில் கடையின் கணிப்பொறியில் யாதொரு குறையும் இல்லை. ஆயினும் கணக்கைத் திறக்க இயலவில்லை. திறத்தற்கு வேண்டும் ஓ.டி.பி. எண் கணக்கரது கைபேசிக்கே சென்றது. சரக்குக் கேட்டு வெளியூரார் அனுப்பிய செய்திகளும் அதிலேயே தங்கியிருந்தன. வழக்கம்போல் அழைக்கப்பெற்ற பழுது பார்ப்பவர் திருப்புளியோடு வந்து, "பெட்டி நன்றாகத்தானே இருக்கிறது, முதலாளி! நான் எதைத் திறப்பது?" என்று கேட்டார். அவர் கேட்ட அவ்வினாவே எம்மை இக்கட்டுரை எழுதத் தூண்டிற்று.

மேசைக் கணிப்பொறி ஒன்றே இருந்த காலத்தில் பழுது பார்ப்பவர் தொழிலுக்கு எல்லை இருந்தது. பெட்டி ஓரிடத்தில் இருக்கும். அது முதலாளியின் உடைமை. கணக்கு முழுதும் அதன் வன்தட்டில் அடங்கும். ஆண்டு ஒப்பந்தமும் பெட்டிக்கு இவ்வளவு என்றே பேசப்படும். இம்முறையிலும் இடர் இல்லாமல் இல்லை. 2011 டிசம்பர் 30ஆம் நாள் 'தானே' புயல் கடலூர்ப் பகுதியைத் தாக்கியதை நம்மவர் மறவார். அத்தகைய நாளிற் கூரை இழந்த கடையில் பெட்டி நனையின், கணக்கும் உடன் நனையுமன்றோ?

நிற்க. 2016இல் யூ.பி.ஐ. வந்தது, 2020 மார்ச்சில் ஊரடங்கு வந்தது. பற்றுச்சீட்டும் இருப்புக் கணக்கும் பணம் பெறுதலும் கைபேசிக்கு மாறின. கணக்கு எங்கோ தொலைவிலுள்ள கணிப்பொறியில் இருத்தலின், கைபேசி கெடிலத்தில் வீழ்ந்தாலும் கணக்குக் கெடுவதில்லை. அக்கைபேசி பிறர் கையில் வீழ்வதே கேடு. ஆகவே, இந்நாளில் காக்கப்பட வேண்டுவது கருவியன்று. உள்ளே நுழையும் உரிமையே.

இதனைக் காக்கும் வழி யாது? 2014இல் வெளிவந்த ஆண்டிராய்டு ஐந்தாம் பதிப்பு முதலாக, ஒரே கைபேசியில் அலுவலுக்கெனத் தனி அறை ஒன்று வகுக்க இயலும். பணியாளர் விலகும்போது அவ்வறையை மட்டும் தொலைவிலிருந்தே அழித்துவிடலாம். அவர்தம் சொந்தப் படங்களும் கடிதங்களும் தீண்டப்படா. சில முதலாளிகள் கைபேசி முழுதையும் தம் ஆணைக்கு உட்படுத்த விரும்புவர். இது தகாது என்பது எம் கருத்து. தன் கூலியில் ஒருவன் வாங்கிய பொருளை ஆள விரும்புவோர், தாமே ஒன்று வாங்கிக் கொடுப்பதன்றோ முறை?

தமிழ் பயிலும் எமக்குப் பெயர் மாற்றங்களில் ஒரு விருப்பம் உண்டு. 1996இல் அட்வென்ட்நெட் எனத் தோன்றி, 2009இல் சோகோ எனப் பெயர் பூண்டு, சென்னையில் ஓங்கி வளர்ந்த நிறுவனம், அலுவலகக் கணிப்பொறிகளை ஓரிடத்திருந்தே மேற்பார்க்க ஒரு மென்பொருள் செய்தது. 'டெஸ்க்டாப் சென்ட்ரல்' என்பது அதன் பழம்பெயர். 2022இல் அது 'எண்ட்பாயிண்ட் சென்ட்ரல்' ஆயிற்று. மேசை போய், வலையின் முனையில் உள்ள எக்கருவியும் என்னும் பொருள் வந்தது. தொழில் மாறிய வரலாறு அவ்வொரு சொல்லிலேயே அடங்கியுள்ளது.

இன்னுமொன்று: முன்பு கெட்ட பெட்டியையே மாற்றினர், இன்று கெடாத பெட்டியையும் மாற்ற வேண்டியிருக்கிறது. விண்டோஸ் பத்துக்கு வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14இல் முடிந்தது. பதினொன்றாம் பதிப்போ டி.பி.எம். என்னும் காவற் சில்லு இல்லாத பழம்பெட்டியை முறைப்படி ஏற்பதில்லை. ஏ.டி.எம். பொறிகளிலிருந்து விண்டோஸ் எக்ஸ்பியை 2019 ஜூனுக்குள் நீக்குமாறு ரிசர்வ் வங்கி 2018இல் வங்கிகட்கு ஆணையிட்டது. சிறு கடைக்காரர்க்கு அங்ஙனம் ஆணையிடுவார் யார்? பழுது பார்ப்பவர் சொன்னால் உண்டு.

எம் உறவினர் கதைக்கு வருவோம். கணக்கர் நல்லவர், கேட்டவுடன் தொலைபேசியிலேயே எண்ணைச் சொன்னார். பழுது பார்ப்பவர் கடையின் பெயரில் புதிய எண் ஒன்றைப் பதிவித்து, எவ்வெக் கணக்கு எவ்வெவர் கைபேசியில் திறக்கும் என்பதை ஒரு குறிப்பேட்டில் எழுதி முடிக்க இரண்டு நாளாயிற்று. கூலி கேட்டபோது, "பெட்டியைத் தொடவே இல்லையே, தம்பி!" என்றார் உறவினர். நெடுநேரம் பேசிய பின் பாதி கொடுத்தார்.