தண்டனையை நிறுப்பவர் யார்?

பதினெட்டு வயது நிரம்பாத பெண்ணை வல்லுறவுக்குட்படுத்தியவனுக்குக் குறைந்தது பத்தாண்டு மறியல் என, 1995ஆம் ஆண்டில் இலங்கைத் தண்டனைச் சட்டக்கோவை திருத்தப்பட்டது. குற்றம் கொடிது, கடுமை வேண்டியதே. ஆனால், பதினாறு வயதுக்குட்பட்டவளின் சம்மதத்தைச் சட்டம் சம்மதமாகக் கொள்வதில்லை. ஆகவே, சிறுமியைச் சிதைத்த கயவனும், அவள் விரும்பி உடன்போன இளைஞனும் ஒரே படிக்கல்லால் நிறுக்கப்பட்டனர்.

நீதிபதியின் கை இவ்வாறு கட்டப்படலாமோ என அநுராதபுர மேல் நீதிமன்றம் உயர் நீதிமன்றத்தை வினவிற்று. 2008ஆம் ஆண்டில் விடை கிடைத்தது: அக்கட்டாயக் கீழெல்லை, மனிதத்தன்மையற்ற தண்டனையைத் தடுக்கும் அரசியலமைப்பின் 11ஆம் உறுப்புரையோடும், சமத்துவம் கூறும் 12ஆம் உறுப்புரையோடும் முரண்படுகின்றது, தக்க தண்டனையைத் தீர்மானிக்கும் தற்றுணிபு நீதிபதிக்கு உண்டு.

இளைஞன் குற்றமற்றவன் என்பதன்று இதன் பொருள். நீதிபதி அளவுமீறி இரங்கினாரெனக் கண்டால், சட்டமா அதிபர் மேன்முறையீடு செய்யலாம்.